வெள்ளிக்கிழமை பார்த்த ஊர்

வெள்ளிக்கிழமை இரவு ஏழு மணி இருக்கும். வீரமுனையில் நண்பன் ஒருவனின் வீட்டு விறாந்தையில் நாங்கள் நாலு பேர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். கட்டாரில் இருக்கிற அவனுடைய அண்ணா வீடியோ கோலில் வந்தார். இங்கே நன்றாக இருட்டிவிட்டது. அங்கே மணி நாலரை, இன்னும் கொஞ்சம் வெயில் மிச்சம் இருந்தது. அண்ணா போனைத் திருப்பித் திருப்பி டோஹாவைக் காட்டினார். கோர்னிஷ் என்கிற கடற்கரை நடைபாதை, கட்டிக் கிடக்கும் மரப் படகுகள், தண்ணீருக்கு அந்தப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள். "இஞ்ச பாருங்க, இதுதான் மியூசியம். வெள்ளைக் கட்டடம் தெரியுதா?"

மூலையில் கதிரையில் இருந்த மாமி எட்டிப் பார்த்தார். மாமி என்றால் நண்பனின் அப்பாவுடைய தங்கச்சி.

"வெள்ளிக்கிழமையெண்டா இப்பிடித்தான் சுத்துறதாடா தம்பி?"

"ஓம் மாமி, லீவுதானே."

மாமி கொஞ்ச நேரம் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்: "நானும் குவைத்துல ரெண்டு வருசம் இருந்தன். குவைத்தப் பாக்கல்ல."

எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. ரெண்டு வருஷம் இருந்துவிட்டு எப்படிப் பார்க்காமல் இருக்க முடியும்? ஆனால் அந்த வீட்டில் வேறு யாருக்கும் அது அதிசயமாக இருக்கவில்லை. நண்பனின் அம்மா தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நாங்கள் கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிறவர்கள். உடன்படிக்கைகள், ஆணைக்குழுக்கள், யாப்புகள் எல்லாம் ஆண்டு பிசகாமல் எழுதுவோம். ஒரு லீவு நாளுக்கும் வரலாறு இருக்கலாம் என்று எங்களுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. கிழமையில் ஒரு நாள், வேலை இல்லாமல், வாழப்போன ஊரைச் சும்மா சுத்திப் பார்ப்பது. எங்கள் பக்கத்துச் சனங்களில் அது யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை, ஏன்? இந்தக் கட்டுரை அதைத் தேடினதுதான்.

முதலில் அண்ணாவின் வெள்ளிக்கிழமை.

அண்ணா 2015 இல் போனவர். சாரம் கட்டுகிற வேலை. தங்குவது நகரத்துக்கு வெளியே தொழிற்சாலைப் பகுதியில் ஒரு கேம்பில். அந்தப் பகுதிக்கு ஆவணங்களில் வேறு பெயர் இருந்தாலும் எங்கள் ஆட்கள் எல்லோரும் சொல்வது 'சனையா'. அறையில் ஆறு பேர்: இவர், சம்மாந்துறைக்காரர் ரெண்டு பேர், மருதமுனைக்காரர் ஒருவர், கேரளத்தவர் ஒருவர், நேபாளி ஒருவர். வீரமுனையும் சம்மாந்துறையும் ஊரில் ஒரு வேலிக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம்தான். ஆனாலும் சம்மாந்துறைக் காக்காவோடு ஒரே சட்டியில் சாப்பிட்டுப் பழக டோஹா போக வேண்டியிருந்தது என்று அண்ணா சொல்வார். ஏன் அப்படி என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

வெள்ளி விடிந்தால் முதல் வேலை ஆறு நாள் உடுப்பைத் துவைப்பது. குழாயடியில் வரிசை. பிறகு சமையல். காக்காமார் ஜும்ஆவுக்குப் போய் வருவதற்குள் அண்ணா சோறு வடித்து வைப்பார், முதல் நாள் இரவே அவர்கள் ஆணம் காய்ச்சி வைத்திருப்பார்கள். சாப்பிட்டு முடிய ரெண்டு மணி. காசு அனுப்புகிற கடையில் ஒரு வரிசை. அதுக்குப் பிறகு பஸ் ஏறினால் நகரத்துக்குள் வர மூணரை. இரவு எட்டரை ஒன்பதுக்குள் திரும்பினால்தான் விடியற்காலை நாலு மணிக்கு எழும்பலாம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒரு கிழமையில் நகரம் பார்க்கக் கிடைப்பது நாலு, ஐந்து மணித்தியாலம்.

அந்த நேரத்துக்குள் அவர் பார்த்திருக்கிற டோஹாவைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கிறது. சூக் வாகிஃப் சந்தையில் எந்தச் சந்துக்குள் கிளி விற்கிறார்கள், எந்த மூலையில் நின்றால் வல்லூறு வாங்க வருகிற ஆட்களைப் பார்க்கலாம் என்று அத்துப்படி. அந்தச் சந்தையின் பெயருக்கு 'நிற்கும் சந்தை' என்று அர்த்தம். கடல் தண்ணீர் ஏறி வருகிற இடத்தில் வியாபாரிகள் நின்றபடி விற்றதால் வந்த பெயராம். 2003 இல் பெரும்பகுதி தீயில் போய்விட்டது. பிறகு பழைய மாதிரியே மண் பூசி, மரக்கட்டை செருகி, திரும்பவும் எழுப்பினார்கள். ஆகவே பழசு போலத் தெரிகிற சுவர்களில் பல எங்களை விட வயது குறைந்தவை. அண்ணா இதைத் தெரிந்துகொண்டது புத்தகத்தில் இல்லை. "சுவரைத் தட்டிப் பாத்தாலே விளங்கும், நாங்க பூசுறவங்கதானே."

கோர்னிஷ் ஓரத்தில் நிற்கிற இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் 2008 இல் திறந்தது. கட்டியவர் ஐ. எம். பெய், அப்போது தொண்ணூறு வயது தாண்டியவர். கெய்ரோவின் இப்னு துலூன் பள்ளிவாசல் முற்றத்தில் உள்ள நீர்மண்டபத்தைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த வடிவம் வந்தது. இன்னும் கொஞ்சம் நடந்தால் ஜான் நூவெல் வடிவமைத்த தேசிய அருங்காட்சியகம், 2019 இல் திறந்தது. பாலைவனத்தில் மணலும் உப்பும் சேர்ந்து பூப்போல இறுகும் ஒரு கல் உண்டு, அதன் சாயல். அதே 2019 மே மாதம் டோஹா மெற்றோவும் ஓடத் தொடங்கியது. அண்ணா அதன் ஒரு நிலையத்தில் மாதக்கணக்கில் நிலத்துக்குக் கீழே வேலை செய்தவர். இப்போது ரெண்டு றியால் கொடுத்து அதே நிலையத்தில் இறங்குகிறார். "கூரையப் பாத்துப் பாத்துத்தான் இறங்குவன். நாங்க சாரம் கட்டின இடம் எண்டு ஆருக்குத் தெரியும்?"

ஆனால் அவர் எங்களுக்கு அதிக நேரம் சொன்னது வேறொரு இடத்தைப் பற்றி. முஷெய்ரப் என்கிற பழைய நகரப் பகுதியில் பின் ஜெல்மூத் வீடு என்று ஒன்று இருக்கிறது. ஒருகாலத்தில் ஓர் அடிமை வணிகருக்குச் சொந்தமான வீடு. 2015 இல் அதை அடிமைமுறை பற்றிய அருங்காட்சியகமாக ஆக்கினார்கள். கிழக்காபிரிக்காவிலிருந்து இந்து சமுத்திரம் வழியாக வளைகுடாவுக்கு ஆட்கள் கொண்டுவரப்பட்ட கதை அங்கே இருக்கிறது. முத்துக் குளிக்க இறக்கப்பட்டவர்களில் அடிமைகளும் இருந்தார்கள். கட்டாரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1952 இல். எங்கள் பாட்டாமார் பிறந்த காலம்! கடைசிப் பகுதியில் இன்றைய ஆட்கடத்தல், கொத்தடிமை வேலை பற்றியும் வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் காக்கா ஒருவர் நீண்ட நேரம் நின்றாராம். வெளியே வந்து ஒன்றும் பேசவில்லையாம், தேத்தண்ணிக் கடைக்குப் போய் ஆளுக்கொரு கறக் தேத்தண்ணி குடித்திருக்கிறார்கள்.

முத்து என்றதும் எங்களுக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னார்க் கடலில் முத்துக் குளிக்க வளைகுடாவிலிருந்து அரபுச் சுழியோடிகள் வந்தார்கள். அப்போது கூலிக்குக் கடல் கடந்தவர்கள் அவர்கள். 1930களில் யப்பானின் வளர்ப்பு முத்து வந்து வளைகுடாவின் முத்துத் தொழிலைச் சாய்த்தது. அதே பத்தாண்டின் முடிவில் கட்டாரில் துக்கான் என்ற இடத்தில் எண்ணெய் கண்டார்கள், ஏற்றுமதி 1949 இல் தொடங்கியது. 1973 இல் எண்ணெய் விலை ஏறியது. 1977 இல் இலங்கை பொருளாதாரத்தைத் திறந்தது. 1985 இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் வந்தது. அதற்குப் பிறகு கல்முனையில் ஏஜென்சிப் பலகைகள் தொங்காத தெரு எது?

அண்ணாவின் வெள்ளியை மிகவும் அழகாக எழுதிவிட்டோமோ என்று பயமாக இருக்கிறது. போன புதிதில் ஒரு வெள்ளி அவரும் காக்காவும் நல்ல சேர்ட் போட்டுக்கொண்டு ஒரு பெரிய அங்காடிக்குப் போயிருக்கிறார்கள். பொருள் வாங்க இல்லை, குளிரூட்டியில் நடந்து பார்க்க. வாசலில் நின்ற காவலாளி மறித்து, இன்றைக்குக் குடும்பங்களுக்கு மட்டும் என்று சொல்லியிருக்கிறார். காவலாளியும் தெற்காசியர். "அவனுக்கும் வெக்கம், எங்களுக்கும் வெக்கம். அவன் ஹிந்தியில மெதுவாச் சொன்னான், நாங்க கேக்காத மாதிரித் திரும்பிட்டம்."

டோஹாவின் சில அங்காடிகளில் வெள்ளி 'குடும்ப நாள்' என்ற வழக்கம் இருந்தது செய்திகளில் பலமுறை வந்திருக்கிறது. குடும்பம் என்ற சொல்லுக்குள் யார் வருவார் என்பதை வாசலில் ஆளின் உடுப்பையும் தோலையும் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். அண்ணாவுக்கும் குடும்பம் இருக்கிறது, அது வீரமுனையில் இருக்கிறது, அதை அழைத்துவர அவர் சம்பளத்துக்கு விசா கிடைக்காது. 2010 இல் வந்த 15 ஆம் இலக்கச் சட்டம் குடும்பங்கள் வசிக்கும் பகுதிகளுக்குள் தொழிலாளர் விடுதிகள் இருக்கக்கூடாது என்றது. சனையா அவ்வளவு தூரத்தில் இருப்பதும், வெள்ளியில் பாதி பஸ்ஸிலேயே போவதும் தற்செயல் இல்லை. லீவு ஒரு சட்டம் தருகிறது, அந்த லீவை எங்கே கழிக்கலாம் என்பதை இன்னொரு சட்டமும் ஒரு காவலாளியும் தீர்மானிக்கிறார்கள்.

லீவைத் தருகிற சட்டம் 2004 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கத் தொழிற் சட்டம். கிழமைக்கு ஒருமுறை சம்பளத்தோடு தொடர்ச்சியாக 24 மணித்தியால ஓய்வு, முறைமாற்று வேலைக்காரர் தவிர மற்றவர்களுக்கு அது வெள்ளி. இந்த '24 மணித்தியாலம்' என்ற அளவு பழையது. சர்வதேச தொழில் அமைப்பு 1921 இலேயே தொழிற்சாலைகளுக்கான வாராந்த ஓய்வு பற்றிய சமவாயத்தில் ஏழு நாளுக்கு 24 மணித்தியாலம் என்று எழுதிவைத்தது.

எந்த நாள் ஓய்வுநாள் என்பது இயற்கை விதி மாதிரி எங்களுக்குத் தோன்றும். அப்படி ஒன்றுமில்லை. சவூதி 2013 வரை வியாழன், வெள்ளி விட்டது, பிறகு வெள்ளி, சனி ஆக்கியது. ஐக்கிய அரபு அமீரகம் 2022 ஜனவரியில் சனி, ஞாயிறுக்கு மாறி, வெள்ளியை அரை நாளாக்கியது. உலக வங்கிகளும் பங்குச் சந்தைகளும் திறந்திருக்கிற நாளில் தாங்கள் பூட்டியிருக்கக்கூடாது என்ற கணக்கு. சம்மாந்துறைக் காக்கா இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்: மார்க்கத்தில் வெள்ளி ஓய்வுநாள் இல்லை, தொழுகை நேரம் வியாபாரத்தை விடச் சொல்லியிருக்கிறது, முடிந்ததும் வேலைக்குப் போகலாம். கல்முனைக் கடைத்தெருவில் ஜும்ஆ நேரம் சாத்தின கடைகள் பிறகு திறக்கிறதே, அதுதான் உண்மையான பழைய வெள்ளி.

நாட்களை மாற்றிப் பார்ப்பதில் இலங்கையும் சளைத்ததில்லை. 1966 இல் டட்லி சேனாநாயக்க அரசாங்கம் ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டு போயா நாட்களை வார விடுமுறையாக்கியது. மாதத்தில் சந்திரனின் நாலு நிலைகளுக்கு நாலு போயா, அதற்கு முந்தின நாள் அரை நாள். சந்திரன் கிழமைக் கணக்குப் பார்ப்பதில்லை, ஆகவே ஒரு 'கிழமை' ஆறு நாளிலும் முடியும், எட்டு நாளிலும் முடியும். எங்களோடு படிக்கும் நண்பியின் மூத்தவாப்பா அந்தக் காலத்தில் ஒரு அரசாங்கக் கந்தோரில் பியோன். "இண்டைக்கு என்ன கிழமை எண்டு கேக்கிறல்ல, போயாவுக்கு எத்தனை நாள் எண்டுதான் கேக்கிற" என்று சிரிப்பார். வெளிநாட்டு வர்த்தகத்துக்குச் சரிவரவில்லை என்று 1971 இல் திரும்பவும் ஞாயிறுக்கு வந்தார்கள். பூரணைப் போயா மட்டும் விடுமுறையாக மிஞ்சியது. நண்பனின் பாட்டாவுக்கு இந்தக் கூத்து எதுவும் தெரியாது. அவர் வயல்காரர். வாய்க்காலில் தண்ணீர் வருகிற நாள் வேலை நாள், வராத நாள் கவலை நாள். கிழமைக்கு ஒரு லீவு என்கிற பழக்கமே எங்கள் ஊருக்குக் கந்தோர் வழியாகவும் பள்ளிக்கூடம் வழியாகவும் வந்ததுதான்.

எங்கள் பக்கத்தவர்கள் அதிகம் போவது வளைகுடாவுக்கு. தமிழ்நாட்டுக் கட்டுமானத் தொழிலாளிக்கு அதே லீவு ஞாயிறு, அதே ஊர் சிங்கப்பூர். அங்கேதான் இந்தக் கதை மிகவும் வெளிப்படையாக நடந்தது என்பதால் கொஞ்சம் அந்தப் பக்கம் போய் வருவோம்.

தேக்கா, சிராங்கூன் வீதி, ரேஸ் கோர்ஸ் வீதி. பெயரே சொல்வதுபோல அங்கே முன்பு குதிரைப் பந்தயத் திடல் இருந்தது, 1933 இல் அது புக்கிட் தீமாவுக்குப் போய்விட்டது. மாட்டுத் தொழுவங்களைச் சுற்றித் தமிழர் குடியேறிய இடம் அது. கெர்பாவ் வீதி என்றால் மலாயில் எருமை வீதி. பிற்காலத்தில், நகரத்தின் ஓரங்களில் விடுதிகளில் தங்கிய பல்லாயிரம் தொழிலாளர்கள் ஞாயிறு பின்னேரம் அங்கே வந்து குவிந்தார்கள். நகரம் முழுக்க இருக்க ஏன் அந்த நாலு தெருவுக்குள்? ஊருக்குக் காசு அனுப்ப, போன் அட்டை வாங்க, முடி வெட்ட, பக்கத்து ஊர்க்காரன் எந்தக் கம்பனியில் இருக்கிறான் என்று விசாரிக்க, வாழையிலையில் சாப்பிட. பிறகு புல்வெளியில் வட்டமாக உட்கார்ந்து பேச. ஆறு நாள் வேலை செய்தவனுக்கு ஊர் சுற்றுவது என்றால் பாதி இப்படி அலுவல்தான்.

2013 டிசம்பர் 8, ஒரு ஞாயிறு இரவு, ரேஸ் கோர்ஸ் வீதியில் ஒரு தனியார் பஸ் மோதி சக்திவேல் குமாரவேலு என்ற தமிழ்நாட்டுத் தொழிலாளி இறந்தார். தொழிலாளர்களை விடுதிக்குத் திரும்பக் கொண்டுபோகிற பஸ் அது. கூட்டம் கொந்தளித்தது, வாகனங்கள் எரிந்தன. சிங்கப்பூர் பல பத்தாண்டுகளாகக் காணாத கலவரம். பலர் மீது வழக்கு, ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் நாடு கடத்தப்பட்டார்கள். விசாரணைக் குழு அமைந்தது. அதன் பிறகு அந்த ஞாயிறு பழைய ஞாயிறாக இல்லை. மது விற்கவும் வெளியே குடிக்கவும் கட்டுப்பாடு வந்தது, 2015 இல் அது சட்டமானது. லிட்டில் இந்தியா அந்தச் சட்டத்தில் தனி வலயம்.

கொரோனா வந்தபோது 2020 ஏப்ரலில் விடுதிகள் பூட்டப்பட்டன. மற்ற நகரவாசிகள் வெளியே நடமாடத் தொடங்கிய பிறகும் விடுதிக்காரர்களுக்குக் கட்டுப்பாடு தொடர்ந்தது. 2022 ஜூனில் பொதுவாக வெளியே போக அனுமதிச்சீட்டு வேண்டாம் என்று தளர்த்தினார்கள், ஆனால் ஞாயிறுகளிலும் பொது விடுமுறைகளிலும் நாலு இடங்களுக்குப் போக மட்டும் சீட்டு எடுக்க வேண்டும் என்றார்கள்: சைனாடவுன், கேலாங் சிராய், ஜூரோங் ஈஸ்ட், லிட்டில் இந்தியா. ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கையும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை உலாவப் போவதற்கு அனுமதிச்சீட்டு! இதை வாசித்தபோது நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் அப்பாமாரின் காலத்தில் கொழும்புக்குப் போகப் பொலிஸில் துண்டு எடுத்த கதைகள் எங்கள் வீடுகளில் உண்டு.

இவ்வளவும் ஆண்களின் கதை. நடைபாதை, சந்தை, புல்வெளி, வாசலில் மறித்த காவலாளி. மறிக்கப்படுவதற்கும் முதலில் வீட்டை விட்டு வெளியே வந்திருக்க வேண்டுமே.

1990களில் இலங்கையிலிருந்து வெளிநாடு போனவர்களில் பெண்களே அதிகம், அவர்களில் பெரும்பாலோர் வீட்டுப் பணிக்கு. முன்பு சொன்ன 2004 சட்டம் வீட்டுப் பணியாளரைச் சேர்க்கவில்லை. கட்டாரில் அவர்களுக்கு வாராந்த ஓய்வு சட்டத்தில் வந்தது 2017 இல், 15 ஆம் இலக்கச் சட்டத்தோடு. குவைத்தில் 2015 இல், 68 ஆம் இலக்கச் சட்டத்தோடு. சிங்கப்பூரில் 2013 ஜனவரியிலிருந்து புதிய ஒப்பந்தங்களுக்கு, அதுவும் லீவுக்குப் பதில் காசு கொடுத்துவிடலாம் என்ற வசதியோடு. அப்படிக் காசாக்க முடியாதபடி மாதத்தில் ஒரு நாளாவது கட்டாயம் விட வேண்டும் என்று அங்கே வந்தது 2023 இல்தான்.

சர்வதேச தொழில் அமைப்பின் 2011 ஆம் ஆண்டு 189 ஆம் இலக்கச் சமவாயத்தில் ஒரு வாசகம் எங்களை நிறுத்தியது. வீட்டுப் பணியாளர் தன் ஓய்வு நேரத்திலும் விடுமுறையிலும் அந்த வீட்டிலேயே இருக்கக் கட்டாயம் இல்லை என்கிறது. தொழிற்சாலை வேலைக்காரருக்கு இப்படி யாரும் எழுதத் தேவைப்படவில்லை. வேலை முடிந்தால் வெளியே வருவான். வேலைசெய்கிற இடமே படுக்கிற இடமாகவும் இருக்கிறவளுக்கு, கதவைத் திறந்துகொண்டு போகலாம் என்பதை உலகம் கூடிப் பேசி எழுத வேண்டியிருந்தது. கட்டாரில் சட்டம் வந்த பிறகும் அந்த நாள் எல்லோருக்கும் கிடைக்கிறதா? அண்ணாவிடம் கேட்டோம். "கோர்னிஷ்ல எங்கட பொம்புளைகள் தனியா நடக்கிறத நான் பெரிசாக் காணல்ல. பிள்ளை வண்டில் தள்ளிக்கொண்டு முதலாளி வீட்டாருக்குப் பின்னால வாறவங்களத்தான் கண்டிருக்கன்."

மாமி குவைத்துக்குப் போனது 1988 இல். ஹவல்லியில் ஒரு மாடி வீடு. அவருக்குத் தெரிந்த குவைத்தை எங்களுக்கு விரலால் வரைந்து காட்டினார்: குசினி ஜன்னலுக்கு வெளியே ஒரு மதில், மதிலுக்கு மேல் ஒரு மினாரா, அதற்குப் பக்கத்தில் யாருடையவோ உடுப்புக் கொடி. குப்பை போடப் படலை வரை போகலாம். ரெண்டு தடவை கடற்கரைக்குக் கூட்டிப்போனார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள. "கடல் எந்தப் பக்கம் இருந்ததெண்டு கேட்டா இப்பவும் தெரியா. சின்னவன் தண்ணிக்க ஓடிருவானெண்டு அவனையே பாத்துக்கிட்டு இருந்தன்."

வெள்ளிக்கிழமை? வெள்ளிதான் கூட வேலை. சொந்தக்காரர் எல்லாம் சாப்பிட வருகிற நாள்.

1990 ஓகஸ்ட் 2 ஆம் திகதி ஈராக் படை குவைத்துக்குள் வந்தது. அந்த நாட்டில் அப்போது பல்லாயிரக்கணக்கான இலங்கையர் இருந்தார்கள், பெரும்பாலும் மாமி மாதிரி வீட்டு வேலைக்குப் போன பெண்கள். சில கிழமைகள் கழித்து முதலாளி வீட்டார் போய்விட, மாமியும் வேறு வீடுகளில் இருந்த பெண்களும் ஒரு பஸ்ஸில் ஏற்றப்பட்டார்கள். அந்தப் பஸ் ஜன்னலால்தான் அவர் முதல் தடவையாக அந்த நகரத்தைப் பார்த்தார். கடைகள், சுற்றுவட்டங்கள், ஆளில்லாத தெருக்கள். தூரத்தில் நீலப் பந்து குத்தின மாதிரி மூன்று கோபுரம். 1979 இல் திறந்த குவைத் கோபுரங்கள் அவை. மூன்றில் ரெண்டு பந்துகள் தண்ணீர்த் தாங்கிகள். "என்ன வடிவு எண்டு நினைச்சன். பக்கத்தில இருந்த பிள்ளை அழுதுகொண்டு இரிக்கா, நான் கோபுரம் பாக்கிறன்."

பிறகு பஸ்ரா, பக்தாத், ஜோர்தான் எல்லையில் கூடாரம், அம்மானிலிருந்து விமானம். வந்து இறங்கியபோது போவதற்கு ஊர் இருக்கவில்லை. 1990 ஜூனிலிருந்தே வீரமுனைச் சனம் அலைந்துகொண்டிருந்தது. ஓகஸ்ட் 12 ஆம் திகதி சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். ஈராக் படை குவைத்துக்குள் வந்து பத்தாவது நாள். அதைப்பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும், இந்தக் கட்டுரை தாங்காது. கடலில் கப்பலேறி வந்து இந்த ஊரில் இறங்கினவர் என்று கதை சொல்லப்படுகிற பிள்ளையார் அவர். மாமி திரும்பவும் அவர் முன்னால் நின்று கும்பிட வருஷங்கள் ஆகின.

1991 இல் ஐ.நா. ஓர் இழப்பீட்டு ஆணைக்குழுவை அமைத்தது. குவைத்தை விட்டு ஓட வேண்டி வந்த தனியாளுக்கு 2500 அல்லது 4000 அமெரிக்க டொலர் என்று வகுத்தார்கள். பிற்பாடு மாமிக்கும் வந்தது. நாங்கள் இருந்து தேத்தண்ணி குடித்த விறாந்தை அந்தக் காசில் போட்டதாம். குவைத்தைப் பார்த்ததற்குக் கிடைக்கவில்லை, விட்டு வந்ததற்குத்தான் கிடைத்தது என்று நண்பன் பகிடி விட்டான். மாமியும் சிரித்தார்.

அடுத்த வெள்ளியும் நாங்கள் போனோம். யூடியூபில் யாரோ ஒருவர் குவைத் நகரத்தில் நடந்துகொண்டே எடுத்த வீடியோவைத் தேடி எடுத்திருந்தோம், பேச்சு இல்லை, நடக்கிற சத்தம் மட்டும். போனைத் தலையணையில் சாய்த்து மாமிக்கு முன்னால் வைத்தோம். ஒரு மணித்தியால வீடியோ. சந்தை, பேரீச்சம்பழக் கடை, கடற்கரை. நாங்கள் அலுத்துப்போய் வேறு கதை பேசத் தொடங்கிவிட்டோம். மாமி எழும்பவில்லை. கோபுரம் வந்ததும் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு ஒரு சந்தி வந்தது. இடது பக்கத் தெருவில் ஒரு மினாரா தெரிந்தது.

"அந்தப் பக்கம் திரும்பச் சொல்லு மனே" என்றார் மாமி.

வீடியோ எடுத்தவர் நேரே போனார்.